ஈரச்சாக்கின் கீழே ஆறு தகடுகள்

படலையைத் திறந்ததும் சாக்குகள்தான் முதலில் கண்ணில் பட்டன.

கிணற்றடியில், அப்பா முதல் நாள் ஊற்றியிருந்த சீமெந்துக் கட்டின் மேல் இரண்டு சணல் சாக்குகள். அது வழமை. ஆனால் அங்கிருந்து தேசிமரம் வரைக்கும் நிலத்தில் இன்னும் மூன்று சாக்குகள் விரிந்து கிடந்தன. எல்லாம் தெப்பமாய் நனைந்திருந்தன. வெய்யிலில் ஈரச்சாக்கு மணக்குமே, பழைய நெல்லும் மண்ணும் கலந்த ஒரு மணம், அது முற்றம் முழுக்க நின்றது.

அம்மா வாளியோடு நின்றார். ஒரு கையால் வாளியைச் சரித்து, மற்றக் கையின் விரல்களுக்கு இடையால் தண்ணீரைச் சிந்தவிட்டு, ஒவ்வொரு சாக்காக நனைத்துக்கொண்டு வந்தார்.

நான் சைக்கிளை ஓரிடத்தில் சாத்தவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன்.

“உதுக்குள்ள என்னம்மா?”

“உன்ர பலகையள்தான் பிள்ளை. ஊத்தி வைச்சிட்டு ஒரு சொட்டுத் தண்ணி விடாமல் போட்டாய். வெடிச்சுக் கிடக்கப் போகுதெண்டு நான்தான் எடுத்து அடுக்கி, எட்டு மணியில இருந்து தண்ணி விடுறன்.”

அப்போது மதியம் பன்னிரண்டைத் தாண்டியிருந்தது.

பனந்தும்போடு ஒரு வருடம்

சென்ற வாரம் இந்தப் பத்தியில் என் முதல் சைக்கிளைப் பற்றி எழுதியதைப் படித்த வாசகர் ஒருவர், “பொறியியல் படித்தேன், பொறியியல் படித்தேன் என்று பத்து இடத்தில் சொல்கிறீர்கள். அங்கே என்னதான் படித்தீர்கள்?” என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. பத்து இடத்தில் சொன்னதும் உண்மைதான். இன்னும் பத்து இடத்தில் சொல்வேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாய் முடித்தவள் நான் ஒருத்திதான். அப்பா நான்காம் வகுப்போடு நின்றவர். அம்மாவுக்கு அதுவும் இல்லை. மாடு பார்க்க ஆளில்லாத வீட்டில் மூத்த பெண்ணாகப் பிறந்தவர். என் பள்ளிக்கூடப் படிவங்களில் பெற்றோர் கையொப்பம் என்ற இடத்தில் எல்லாம் அம்மாவின் பெருவிரல் ரேகைதான் நீல மையில் இருக்கும்.

வாசகரின் கேள்விக்குப் பதில் இதுதான். கடைசி வருடம் முழுக்கப் பனந்தும்போடு மல்லுக்கட்டினேன்.

முல்லைத்தீவுக் கரையில் நிற்கும் மீன்பிடி வள்ளங்களைப் பார்த்திருப்பீர்கள். மரம் இல்லை, பைபர். கண்ணாடி நாரை ரெசின் என்ற பிசினில் தோய்த்து இறுக வைத்தால் அப்படி ஒரு வள்ளம் வரும். கண்ணாடி நார் கப்பலில் வரவேண்டும். எங்கள் முரசுமோட்டையில் பனை மட்டையை அடித்துத் தும்பு எடுத்தால் அதுவும் நார்தான். அதைப் பிசினில் தோய்த்துத் தகடு செய்தால் எவ்வளவு தாங்கும்? வள்ளம் கட்டாவிட்டாலும் ஒரு கதவுக்கு, ஒரு கதிரையின் முதுகுக்கு ஆகாதா? இதுதான் என் ஆய்வு.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பிசினோடு ஹார்ட்னரைக் கலந்தவுடன் அது இறுகத் தொடங்கிவிடும். எந்தச் சூட்டில் இறுக விடுகிறோம், எத்தனை மணித்தியாலம் விடுகிறோம், அந்த நேரம் காற்றில் எவ்வளவு ஈரம் இருந்தது என்பதில்தான் தகட்டின் பலம் இருக்கிறது. ஒரே தும்பு, ஒரே பிசின், ஒரே கையாக இருந்தாலும் இறுகின விதம் வேறென்றால் தகடும் வேறு. அதிலும் தும்பு என்பது தண்ணீரைக் கண்டால் விடாது. கண்ணாடி குடிக்காது, தும்பு குடிக்கும். ஈரம் குடித்த தும்பைப் பிசின் பிடிக்காது.

இதெல்லாம் இப்போது வாய்க்கு வாய் சொல்கிறேன். அப்போது இதைப் புத்தகத்தில் படித்திருந்தேனே தவிர, கையால் அறியவில்லை.

முதல் தொகுதித் தகடுகளை நான் செய்தது கார்த்திகை மழைக்குள். ஆய்வுகூடத்துச் சுவரே வேர்த்துக்கொண்டிருந்த நாட்கள். தகடுகள் பார்வைக்கு அழகாக வந்தன. அவற்றைக் கீலம் கீலமாக வெட்டி, இருபக்கமும் பிடித்து இழுத்துப் பார்க்கும் இயந்திரத்தில் மாட்டியபோது, முள் அசைய முதலே ஒவ்வொன்றும் அறுந்தது. அந்த இயந்திரத்தைப் பார்த்துக்கொண்ட சிவா அண்ணை கடைசித் துண்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“தங்கச்சி, நீர் தகடு கொண்டு வந்தனீரோ, பப்படம் கொண்டு வந்தனீரோ?”

கூட நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு பெண்கள் கழிப்பறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

என் ஆய்வைப் பொறுப்பெடுத்திருந்த மிஸ் அதிகம் பேசமாட்டார். “இன்னொரு தரம் செய்யுங்கோ. ரெசின் ஒரு டின்னிலதான் கொஞ்சம் கிடக்கு. இதுவும் சரிவராட்டி இந்த முறை உங்களால சமர்ப்பிக்க ஏலாது” என்றார். சமர்ப்பிக்காவிட்டால் என்னோடு படித்த எல்லோரும் வெளியே போக, நான் மட்டும் நிற்பேன். பட்டமளிப்புக்குத் தான் உடுக்கவென்று அம்மா ஒரு மாம்பழ நிறச் சேலையை அதற்குள் எடுத்து, அலுமாரியில் பூச்சி உருண்டை போட்டு வைத்திருந்தார்.

தகரப் பெட்டி

ஆய்வுகூடத்தில் சூட்டுப் பெட்டி ஒன்று இருந்தது. ஆனால் பழுது. திருத்த ஆள் கொழும்பிலிருந்து வரவேண்டும். அந்த ஆள் வருவார், வருவார் என்று ஒரு பருவம் போய்விட்டது.

அப்போதுதான் எனக்கு எங்கள் வளவில் கிடந்த தகரங்கள் ஞாபகம் வந்தன. வீட்டுத்திட்டம் வருவதற்கு முன் நாங்கள் தகரக் கொட்டிலில் இருந்தவர்கள். பங்குனி வெய்யிலில் அந்தக் கொட்டிலுக்குள் இருந்தவர்களுக்குத் தெரியும், தகரம் என்றால் என்ன சூடு என்று. மத்தியானத்தில் உள்ளே வைத்த தேங்காயெண்ணெய் கொதிக்காத குறை. அந்தச் சூட்டை நான் சும்மா விட்டதில்லை என்று சொல்வதில் எனக்கு இன்றைக்கும் ஒரு பெருமை. பழைய தகரத்தை மடித்து ஒரு பெட்டி செய்து, சட்டியடிக் கரியை எண்ணெயில் குழைத்துப் பூசி, முற்றத்தில் வைத்தேன். மத்தியானம் உள்ளே வைத்த வெப்பமானி அறுபதைத் தாண்டியது.

இரண்டு நாள் விடுப்பில் வீட்டுக்கு வந்தேன். தும்பை முதலே வெய்யிலில் போட்டு, கையில் எடுத்தால் சரசரக்கும் வரை காயவைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை காலை, மிஞ்சியிருந்த பிசின் எல்லாவற்றையும் கலந்து, பயிற்சிக் கொப்பி அளவில் ஆறு தகடுகள் ஊற்றினேன். மூன்று தகரப் பெட்டிக்குள். மூன்று பின் அறையில், தண்ணீர்க் குடம் வைக்கும் மூலையில், குளிர்ந்த நிலத்தில். சூட்டில் இறுகினதும் நிழலில் இறுகினதும் எப்படி வேறுபடுகின்றன என்று பார்ப்பதுதான் திட்டம்.

சனி காலை சட்டங்களைக் கழற்றினேன். ஆறையும் நகத்தால் தட்டிப் பார்த்தேன். ஆறும் டொக் டொக் என்றன. இறுகிவிட்டன என்று நம்பினேன். பின்புறத்தில் பேனையால் இலக்கம் எழுதி, இருந்த இடங்களிலேயே திரும்ப வைத்துவிட்டு, பரந்தனில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கப் போனேன்.

“அம்மா, அதுகள் இன்னும் இறுகோணும். பாத்துக்கொள்ளுங்கோ” என்று படலையில் நின்று சொன்னதும் நான்தான்.

சுவர் வெடித்த கதை

அம்மா ஏன் அப்படிச் செய்தார் என்பதைச் சொல்ல எங்கள் விறாந்தைச் சுவரைப் பற்றிச் சொல்லவேண்டும்.

வீட்டுத்திட்டத்தில் பணம் தருவார்கள். வீட்டை நாங்கள்தான் கட்டவேண்டும். வன்னியில் அந்தக் காலத்தில் மண்வெட்டி பிடிக்கத் தெரிந்த எல்லோரும் பாதி மேசன் ஆனார்கள். அம்மா மணல் அரித்தார், கல் சுமந்தார், கலவை குழைத்தார். எங்களுக்கு வாய்த்த மேசன் ஒரு சிடுமூஞ்சி. அவர் ஒவ்வொரு நாளும் போகும்போது சொல்லிவிட்டுப் போவது ஒன்றுதான். “தண்ணி விடுங்கோ. விடாட்டி வெடிக்கும். வெடிச்சால் என்னட்ட வராதேங்கோ.”

அம்மா விட்டார். கிணறு அப்போது தூரம். குடத்தில் சுமந்து வந்து விட்டார். ஒரேயொரு நாள்தான் தவறியது. தண்ணீரூற்று என்ற ஊரில் ஒரு கலியாணம். வீட்டோடு போய், பஸ் தவறி, மறுநாள்தான் திரும்பினோம். வறண்ட கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்தது. வந்து பார்த்தால், புதிதாய்ப் பூசிய விறாந்தைச் சுவரில், யன்னல் மூலையிலிருந்து கூரை வளை வரைக்கும் ஒரு வெடிப்பு. பூரான் ஓடினது போல.

அதற்குப் பிறகு எங்கள் அயலில் யார் சீமெந்து ஊற்றினாலும் அம்மாவுக்குச் சொல்லவேண்டியதில்லை. “பூமணியக்கா மணத்துக்கே வந்திடுவா” என்பார்கள். பக்கத்து வீட்டுக் கோழிக்கூட்டு நிலத்துக்கு, அவர்கள் ஊரில் இல்லாத நேரம், வேலி பிரித்துப் போய்த் தண்ணீர் விட்டு வந்தவர் அவர்.

அப்படிப்பட்ட மனிதரின் கண் முன்னால் நான் எதையோ குழைத்துச் சட்டத்தில் ஊற்றினேன். “இறுகோணும்” என்றேன். “பாத்துக்கொள்ளுங்கோ” என்றேன். வேறென்ன செய்வார்?

இது இப்போது விளங்குகிறது. அன்றைக்கு விளங்கவில்லை.

வாயில் வந்தது

சைக்கிளை அப்படியே விழவிட்டு ஓடிப்போய் முதல் சாக்கைத் தூக்கினேன். கீழே இரண்டு தகடுகள், மின்ன மின்ன, ஈரத்தில் குளித்துக் கிடந்தன. அடுத்த சாக்கின் கீழ் இரண்டு. அதற்கடுத்ததன் கீழ் இரண்டு. ஆறையும் புரட்டினேன். நான் எழுதிய இலக்கங்களில் ஒன்றும் இல்லை. நீல மை ஒழுகி, கழுவுப்பட்டு, வெறும் முதுகாகக் கிடந்தன. பொறியியல் படிக்கிறவள் நனைந்தால் அழியாத எதையாவது எடுத்தல்லவா எழுதியிருக்கவேண்டும்!

எது தகரப் பெட்டியில் இருந்தது, எது அறைக்குள் இருந்தது என்று தெரியாது. தண்ணீர் எவ்வளவு உள்ளே போனது என்று தெரியாது. பிசின் டின் வெறும் டின்.

“என்னம்மா செய்தனீங்கள்? இது சீமெந்தே? ஆர் உங்களைத் தொடச் சொன்னது?”

“இறுகிறது எதுக்கும் தண்ணி வேணும்தானே பிள்ளை.”

“ஒண்டும் படிக்காதனீங்கள், உங்களுக்கு ஏன் உந்த வேலை?”

சொல்லிவிட்டேன். அயலில் யாராவது அம்மாவைப் பார்த்து இதைச் சொல்லியிருந்தால் வேலி பாய்ந்து போய்ச் சண்டை பிடித்திருப்பேன். நானே சொன்னேன்.

அம்மா வாளியைக் கீழே வைத்தார். என் தகடுகளின் மேல் கிடந்த மூன்று சாக்கையும் எடுத்துப் பிழிந்தார். பிறகு கிணற்றடிக்குப் போய் அப்பாவின் சீமெந்துக் கட்டின் மேல் கிடந்த இரண்டையும் எடுத்தார். ஐந்தையும் வேலியில் விரித்துவிட்டார்.

“சரி பிள்ளை. இனித் தொடமாட்டன்” என்றார்.

குசினிக்குள் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் தேங்காய் துருவும் சத்தம் கேட்டது.

நிழலில் ஒரு ஞாயிறு

தகடுகளைத் துடைத்து எடுத்தேன். வெய்யிலில் காயவைக்கவும் முடியாது. நிழலில் இறுகியவை வெய்யிலைக் கண்டால் அவையும் சேர்ந்து நன்றாக இறுகிவிடும். பிறகு ஒப்பிட எதுவும் இராது. ஈரச்சாக்கு இவ்வளவு நேரமும் வெய்யிலை மறைத்திருந்தது மட்டும்தான் நல்ல காலம். ஆறையும் அறைக்குள் கொண்டுபோய், மின்விசிறியின் கீழ் சரித்து வைத்தேன்.

ஞாயிறு முழுக்க வீட்டில் கதை குறைவு. அம்மா சாப்பாடு போட்டார். கத்தரிக்காய்ப் பால்கறி, எனக்குப் பிடித்தது. “இன்னும் வைக்கட்டே?” என்று கேட்டார். “காணும்” என்றேன். அவ்வளவுதான். “அம்மா, நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது” என்ற வாக்கியத்தை மனதுக்குள் பல தரம் எழுதி, பல தரம் வெட்டினேன். மேடையில் ஆங்கிலத்தில் பேசத் தெரிந்தவளுக்கு அது வரவில்லை.

அப்பா வயலால் வந்து கிணற்றடியைப் பார்த்துவிட்டுச் சத்தம் போட்டார். “இஞ்சேருமப்பா, கட்டுக்குத் தண்ணி விடேல்லையே? காய்ஞ்சு வெளுத்துப் போச்சுது.”

“எனக்கு உதெல்லாம் தெரியாது. வேணுமெண்டால் நீங்கள் விடுங்கோ” என்று குசினிக்குள் இருந்து பதில் வந்தது.

அப்பா என்னைப் பார்த்தார். நான் தகடுகளைப் பார்த்தேன்.

பெருவிரல்

திங்கட்கிழமை ஆய்வுகூடத்தில் ஆறு தகடுகளையும் மேசையில் பரப்பிக்கொண்டு இருந்தேன். ஆறு தகடும் ஒரே சூலில் பிறந்த ஆறு பிள்ளைகள் போல ஒரே முகம். மிஸ்ஸிடம் என்ன சொல்வது? மூன்று சூட்டில் இறுகினவை, மூன்று நிழலில் இறுகினவை, எவை எவையென்று மட்டும் தெரியாது என்றா?

ஒன்றை எடுத்து யன்னல் வெளிச்சத்தில் சரித்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. அடுத்ததைச் சரித்தேன். மூலையில் ஏதோ மங்கலாய் இருந்தது. அழுக்கென்று நினைத்து விரலால் தேய்த்தேன். போகவில்லை. இன்னும் சரித்துப் பிடித்தேன்.

சுருள் சுருளாய்க் கோடுகள். நடுவில், குறுக்கே ஒரு வெட்டு.

அந்த வெட்டை எனக்குத் தெரியும். நான் பிறப்பதற்கு முன், அரிவு வெட்டும்போது அம்மாவின் வலது பெருவிரலில் அரிவாள் பட்ட வடு. முதலாம் வகுப்பிலிருந்து என் படிவங்களில் எல்லாம் நான் பார்த்து வளர்ந்த ரேகை. வகுப்புப் பிள்ளைகள் பார்த்துவிடக் கூடாதென்று கையால் மறைத்துக்கொண்டு ஆசிரியரிடம் நீட்டிய ரேகை. இங்கே மையில்லாமல், பிசினுக்குள் பதிந்து, இறுகிப் போய்க் கிடந்தது.

அவசரமாக மற்றவற்றையும் எடுத்துப் பார்த்தேன். மூன்று தகடுகளில் பெருவிரல் இருந்தது. மூன்றில் இல்லை.

எனக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. சூட்டில் நன்றாக இறுகிய தகட்டில் விரல் பதியாது. நகத்துக்கு டொக் என்று சொல்லி என்னை ஏமாற்றிய மூன்றும், அம்மா அழுத்தித் தூக்கியபோது ஏமாற்றவில்லை. அவை உள்ளுக்குள் இன்னும் இறுகாமல்தான் இருந்தன. எது அறைக்குள் இருந்தது என்று மூலையிலேயே கைநாட்டு வைத்துத் தந்திருந்தார் அம்மா.

அன்று பின்னேரம் போன் எடுத்தேன். அப்பாதான் எடுத்தார்.

“கொம்மாவோ? மாட்டுக்குத் தண்ணி வைக்கப் போட்டா. சீமெந்தை மட்டும் திரும்பியும் பாக்கிறாவில்லை. நான்தான் ஏதோ விடுறன். என்னடி பிள்ளை, ரெண்டு பேருக்கும் என்ன கொழுவல்?”

“ஒண்டுமில்லை அப்பா. புதன்கிழமை எடுக்கிறன் எண்டு சொல்லுங்கோ.”

புதன்கிழமை

தகடுகளை ஒவ்வொரு நாளும் நிறுத்துப் பார்த்தேன். நிறை குறைந்துகொண்டு வந்து, புதன் காலை ஒரே இடத்தில் நின்றது. குடித்த தண்ணீர் போய்விட்டது என்று அர்த்தம். கீலங்களாக வெட்டினேன். ரேகை இருந்த மூலைகள் கழிவாகத்தான் வந்தன. ஒன்றை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

சிவா அண்ணை இயந்திரத்தைப் போடும்போதே தொடங்கிவிட்டார். “இண்டைக்குப் பப்படமோ, வடகமோ?”

“முதல்ல இழுங்கோ அண்ணை.”

முதலில் ரேகை இருந்த தகட்டின் கீலங்கள். மெதுவாய் ஏறிய முள், கொஞ்சத் தூரத்தில் சறுக்கியது. கீலம் அறுந்த இடத்தில் தும்புகள் அறாமல், சீப்பில் வந்த மயிர் போல, உருவிக்கொண்டு வெளியே வந்திருந்தன. கார்த்திகைத் தகடுகளும் இப்படித்தான் உருவி வந்தவை. அப்போது என் கையில்தான் பிழை, இந்த வேலைக்கு நான் சரியில்லை என்று நினைத்திருந்தேன். பிழை கையில் இல்லை. மழைக்குளிரில் பிசின் முழுக்க இறுகவில்லை. ஈரத் தும்பை அது பிடிக்கவும் இல்லை. அவ்வளவுதான். நாலைந்து மாதமாய் நெஞ்சில் கிடந்த ஒன்று அந்த இடத்திலேயே கழன்று விழுந்தது.

அடுத்தது தகரப் பெட்டியின் கீலம்.

முள் ஏறியது. முதல் கீலங்கள் அறுந்த இடத்தைத் தாண்டியது. சிவா அண்ணை கதையை நிறுத்தினார். இன்னும் ஏறியது. நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். இயந்திரம் முனகியது. பிறகு, காய்ந்த தடியை முழங்காலில் வைத்து முறித்தாற்போல ஒரு சத்தம். அறுந்த முகத்தைப் பார்த்தேன். தும்பும் பிசினும் ஒன்றாக, ஒரே வெட்டில் முறிந்திருந்தன. ஒன்றை ஒன்று விடவில்லை.

அடுத்த கீலமும் அப்படி. அதற்கடுத்ததும் அப்படி.

“உது பப்படமில்லைத் தங்கச்சி” என்றார் சிவா அண்ணை. அவர் வாயால் வந்த பட்டமளிப்பு அது.

மிஸ் வந்து எண்களைப் பார்த்தார். பிறகு நான் மேசையில் வைத்திருந்த மற்ற இரண்டு மூலைத் துண்டுகளில் ஒன்றை எடுத்துப் பார்த்தார்.

“இது ஆற்ற கை?”

“அம்மான்ர, மிஸ்.” நடந்ததை எல்லாம் சொன்னேன். சாக்கை, தண்ணீரை, அழிந்த இலக்கத்தை. நான் அம்மாவுக்குச் சொன்னதை மட்டும் சொல்லவில்லை.

மிஸ் சிரிக்காமல் கேட்டார். “நனையாத தகடு ஒண்டும் இல்லையே. அப்ப தண்ணியால எவ்வளவு பலம் குறைஞ்சதெண்டு சொல்லேலாது. விளங்குதோ?”

“ஓம் மிஸ். ஆனா ஆறும் ஒரே மாதிரித்தான் நனைஞ்சது. சூட்டில இறுகினது, நிழலில இறுகினது எண்ட வித்தியாசத்தைச் சொல்லலாம்.”

“அப்ப அதைச் சொல்லுங்கோ. நனைஞ்சதையும் எழுதுங்கோ.”

எழுதினேன். ‘ஆறு தகடுகளும் ஏறத்தாழ நான்கு மணித்தியாலம் ஈரச்சாக்கின் கீழ் வைக்கப்பட்டிருந்தன’ என்று என் அறிக்கையில் இருக்கிறது. பிறகு மிஸ் எங்கிருந்தோ இன்னொரு டின் பிசின் எடுத்துத் தர, ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல் திரும்பச் செய்தேன். சூட்டில் இறுகினதுதான் அப்போதும் வென்றது. ஆனால் நான் மூச்சு விட்டது அந்தப் புதன்கிழமைதான்.

கிணற்றடி

ஆய்வுகூடத்துக்கு வெளியே ஒரு வேப்பமரம். அதன் கீழ் நின்று வீட்டுக்கு எடுத்தேன். இந்த முறை அம்மாவே எடுத்தார்.

“அம்மா, தகடு தாங்கிச்சுது.”

“வெடிக்கேல்லையோ?”

“வெடிக்கேல்லை. அப்படித் தாங்கிச்சுது.”

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. அம்மாளாச்சித் தெய்வத்தைக் கூப்பிடுவது மெல்லக் கேட்டது.

“பிள்ளை, ஒண்டு கேக்கட்டே?”

“கேளுங்கோ.”

“இந்தக் கிணத்தடிக் கட்டுக்கு... தண்ணி விடலாமோ? கொப்பர் விடுறார்தான், வாய் கொப்பளிக்கிற மாதிரி. எனக்குப் பாக்க ஏலாமல் கிடக்கு. நீ படிச்சனீ. விடலாமெண்டால் சொல்லு.”

குத்திக் கேட்கவில்லை. அதுதான் தாங்கமுடியவில்லை. ஐந்து நாளாக அந்தக் கட்டைத் தாண்டித்தான் தண்ணீர் அள்ளியிருப்பார். ஒரு செம்பு கூட ஊற்றாமல்.

“அம்மா, அண்டைக்கு நான் சொன்னது...”

“அதை விடு. விடலாமோ, கூடாதோ?”

“விடுங்கோ அம்மா. அது உங்கட வேலை. உங்களை விட ஆருக்கு அது தெரியும்? நல்லா விடுங்கோ.”

“அப்ப பொறு.”

போனை எங்கோ ஒரு கல்லில் வைத்த சத்தம். செருப்பு இழுபடும் சத்தம். கப்பி கிறீச்சிட்டது, கயிறு இறங்கியது, வாளி தண்ணீரில் விழுந்தது. பிறகு சீமெந்தில் தண்ணீர் சிந்திச் சிந்தி விழுந்தது. விரல்களுக்கு இடையால்தான் விடுகிறார் என்று சத்தத்திலேயே தெரிந்தது. போனை நிறுத்த மறந்துவிட்டார். நானும் நிறுத்தவில்லை. மூன்று வாளி வரைக்கும் கேட்டுக்கொண்டு நின்றேன்.

கட்டில் ஒரு கீறல் விழுந்துவிட்டது. மயிர் அகலம்தான். அந்த ஐந்து நாட்களுக்குள் விழுந்தது. இப்போதும் குளிக்க நிற்கும்போது குதிக்காலில் அது நெருடும்.

மாம்பழ நிறச் சேலை உடுத்து அம்மா பட்டமளிப்புக்கு வந்து போன பிறகு, ஒருநாள் எங்கள் கிணற்றில் தண்ணீர் அள்ள வந்த பக்கத்து வீட்டு மாமி அந்தக் கீறலைக் கண்டுவிட்டார். “என்ன பூமணியக்கா, உங்கட வீட்டுச் சீமெந்தே வெடிச்சது?” என்று கேட்டார். கோழிக்கூட்டுக்குப் பழி தீர்க்கக் கிடைத்த சந்தர்ப்பம்.

அம்மா உடுப்புத் தோய்ப்பதை நிறுத்தவில்லை.

“உதுவோ? உது என்ர பிள்ளை எஞ்சினியரா வரேக்க விழுந்தது” என்றார்.